மஞ்சள் என்று பெயரிட்ட கோப்புறை

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் சிதம்பரத்தில் தன் வீட்டு முன்னறையில் இருபத்து மூன்று ஆண்டுகள் திருமணத் தகவல் மையம் நடத்தினார். வரன் பார்ப்பது கைப்பேசிக்குள் போய்விட்டது. அவருக்கு மூட்டு அறுவை சிகிச்சையும் ஆகிவிட்டது. ஒரு கோடையில் மையத்தை மூடினார். பெயர்ப்பலகையை இறக்கிய சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். நான் போனது பலகைக்காக அல்ல, உள்ளே இருந்த மூன்று கணினிகளுக்காக.

கடலூரில் ஒரு பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. பழைய கணினிகளைக் கழிக்கும்போது அவற்றின் ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து, அழித்ததாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அதனால்தான் மாமா என்னை வரச் சொன்னார். அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரி ஒருவர் மூன்று கணினிகளையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் அவருடைய வண்டி வரும்.

“உள்ள இருக்கறதெல்லாம் கொஞ்சம் க்ளீன் பண்ணிக் குடுத்துடும்மா,” என்றார் மாமா, மேசையைத் துடைக்கச் சொல்வதுபோல.

நான் முதலில் செய்தது பட்டியல். எனக்குப் பதினெட்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போடுவேன். ஒரு பக்கத்தைக்கூடக் கிழித்தது கிடையாது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுவேன். அன்றும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கணினிகளின் பக்கவாட்டு மூடிகளையும் கழற்றினேன். ஒன்றில் பல்லி முட்டை ஓடு இரண்டு கிடந்தது. வெளிப்புறத்தில் ஆயுத பூஜைச் சந்தனம் ஆண்டுக்கு ஒரு பொட்டாகக் காய்ந்து அடுக்கடுக்காக இருந்தது. ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றின் கொள்ளளவு, ஒட்டியிருந்த தாளில் உள்ள வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கம், இரண்டையும் குறித்தேன். மாமா உட்காரும் மேசைக் கணினி எண் இரண்டு. அதன் டிஸ்க் ஐந்நூறு ஜிபி, கடைசி இலக்கங்கள் 4417. இந்த ஒரு வரி பிறகு உதவியது.

மூடிகளை மாட்டிவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தேன். மூன்றிலும் ‘மஞ்சள்’ என்று ஒரு கோப்புறை இருந்தது.

இது மாமாவின் முறை. ஒரு வரன் முடிந்துவிட்டால் காகித ஜாதகத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வீட்டாரிடம் திருப்பிக் கொடுப்பார். கணினியில் மஞ்சள் தடவ முடியாது. அதனால் அந்தப் பெண்ணின் கோப்பையும் பையனின் கோப்பையும் ‘மஞ்சள்’ கோப்புறைக்கு நகர்த்திவிடுவார். எதையும் அழிக்க மாட்டார். உயிரோடு இருப்பவர்களின் ஜாதகத்தை அழிக்கக் கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. கணினி பழையதாகிப் புதியது வாங்கும்போதெல்லாம் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்தார். இருபத்து மூன்று ஆண்டுகளின் பெண்களும் பையன்களும் மூன்று இடங்களில் மும்மூன்று முறை இருந்தார்கள்.

ஒவ்வொரு கோப்பிலும் புகைப்படம், ஜாதகக் கட்டம், முகவரி, படிப்பு, வேலை இருக்கும். கீழே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். சிக்கல் அங்கேதான் இருந்தது. வீட்டார் காதோடு சொன்னதையும், அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது கேட்டதையும் மாமா அதில் தட்டி வைத்திருந்தார். அப்பா குடிப்பார். முதல் நிச்சயம் நின்றது, காரணம் தெரியவில்லை. பையனுக்குக் காது ஒரு பக்கம் மந்தம். மாமா கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. யாருக்கு யார் பொருந்துவார்கள் என்று பார்க்க அவருக்கு அது தேவைப்பட்டது. ஆனால் எழுதியது எழுதியதுதான்.

என்னுடைய கோப்பும் இருந்தது. இருபத்தெட்டு வயதில் எடுத்த படம், இரட்டைப் பின்னல். குறிப்பு: ‘வேலையை விட மாட்டேன் என்கிறாள். பிடிவாதம் ஜாஸ்தி.’

அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “அத மட்டும் அழிக்காத, ஃப்ரேம் போட்டு மாட்டு. ஒங்க மாமா எழுதுனதுலயே அதான்டி உண்ம.”

நான் வேலையை விடவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் என்னைப் பற்றி ஆறு சொல்லில் ஒருவர் எழுதி வைத்தது இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு பெட்டிக்குள் இருந்தது என்பது ஒருவிதமாகத்தான் இருந்தது.

கீரப்பாளையத்து அம்மா வந்தது அப்போதுதான்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். பலகை இறக்குவதைப் பேருந்திலிருந்து பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“ஐயா, கடய மூடறீங்களா?”

“ஆமாம்மா. ஒடம்பு முடியல.”

“அந்தப் பொட்டிங்க எங்க போவுது?”

மாமா சொன்னார். அந்த அம்மா மூன்று கணினிகளையும் வரிசையாகப் பார்த்தார்.

“எம் பொண்ணப் பத்தி ஒங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். நீங்க அதுல அடிச்சீங்க. அடிச்சிட்டு எனக்குப் படிச்சும் காட்டுனீங்க, சரியா இருக்குதான்னு. நெனப்பு இருக்குதா?”

மாமாவுக்கு நினைவு இருந்தது. எழுதியதைப் படித்துக் காட்டிச் சரிபார்ப்பது அவர் பழக்கம். மகளின் உடல்நிலை பற்றிய ஒரு பழைய விஷயம் அது. அந்த அம்மா அதை எங்கள் முன்னால் முதலிலிருந்து மறுபடி சொன்னார். அந்த அம்மா கணவரிடம்கூட முழுதாகச் சொல்லாதது. மகளுக்கு இப்போது கல்யாணமாகி ஐந்து வருஷம், ஒரு குழந்தை இருக்கிறது. அந்த விஷயம் எப்போதோ குணமாகிப் போய்விட்டது. ஆனால் மகளின் மாமியார் வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்று அந்த அம்மா விளக்கவில்லை. அவர்களுடைய சொந்தக்காரர்கள் அண்ணாகிராமம் பக்கம் நிறையப் பேர் என்று மட்டும் சொன்னார்.

“அழிச்சிடறோம்மா,” என்றேன் நான்.

“அழிச்சாலும் திரும்ப எடுக்கலாமாமே? எங்க ஸ்கூல் சார் சொன்னாரு. ஃபோன்ல அழிஞ்ச போட்டோவெல்லாம் எடுத்துக் குடுத்தாங்களாம்.”

அவர் சொன்னது சரி. சாதாரணமாக ஒரு கோப்பை அழித்தால் கணினி அதன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். உள்ளே எழுதியது இருந்த இடத்திலேயே இருக்கும். தெரிந்தவர்கள் எடுத்துவிடலாம். அதை மறைக்காமல் சொன்னேன். ஒரு இடம்கூட விடாமல் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதிவிட்டால் எடுக்க முடியாது, அதைத்தான் செய்யப்போகிறேன் என்றும் சொன்னேன்.

“நீங்க சொல்றீங்க. நான் எங் கண்ணால பாக்கணுமே.”

“நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. பாத்துட்டுப் போலாம். உங்க பொண்ணப் பத்தி ஒரு எழுத்து எங்கயும் மிச்சம் இருக்காது. நான் பொறுப்பு.”

எங்கேயும் என்றுதான் சொன்னேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் போன பிறகு மாமா முந்திரி வியாபாரியைக் கைப்பேசியில் பிடித்தார். கணினிகள் காலியாகத்தான் வரும், விண்டோஸ் அவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லச் சொல்லியிருந்தேன். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

“என்னாத்துக்கு மச்சான் அழிச்சிக்கினு? கல்யாணப் பொண்ணுங்க போட்டோல்லாம் இருக்குமே! இருந்துட்டுப் போவட்டும், நம்ம கடப் பசங்க பாத்துக்கினு வேல செய்வானுங்க,” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அதற்குமேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. மாமா கைப்பேசியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “குறிப்ப மட்டும் எடுத்துடேன். ஜாதகம் இருக்கட்டும். உசுரோட இருக்கறவங்கம்மா.” அப்படிப் பிரிக்க முடியாது, அழித்தால் முழுவதும் அழித்தால்தான் உத்தரவாதம் என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. அன்று மாலை கடலூருக்குத் திரும்பி, நடந்ததை எல்லாம் வழக்கம்போல ஒன்று விடாமல் எழுதினேன். ‘மாமா சம்மதித்தார்’ என்றும் எழுதினேன். அது தவறு. மாமா பேசாமல் இருந்தார், அவ்வளவே.

அந்த வாரம் வேலை முடிந்து வந்ததும் தினம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினேன். ஒரு கணினி தன் சொந்த டிஸ்க்கில் இருந்துதான் விழித்தெழுகிறது. விழித்திருக்கும்போது அந்த டிஸ்க்கையே முழுதாக அழிக்கச் சொன்னால் அதனால் முடியாது. வீட்டைத் துடைக்கும்போது கடைசியில் நாம் நிற்கும் இடம் மட்டும் மிஞ்சும். வாசலுக்கு வெளியே வந்து நின்றுதான் அதைத் துடைக்க வேண்டும். அந்த வாசல்தான் பூட்டபிள் பென் டிரைவ். அழிக்கும் வேலையை மட்டும் தெரிந்த ஒரு சின்ன இயங்குதளத்தை அதில் ஏற்றி, அதிலிருந்து கணினியை எழுப்ப வேண்டும். டிஸ்க்கில் இருப்பது எதுவும் விழிக்காது. பிறகு அதன் மேல் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

திங்கட்கிழமை அந்த இயங்குதளத்தின் கோப்பை இணையத்திலிருந்து இறக்கினேன். இறங்கிய கோப்பு முழுதாக, யாரும் கை வைக்காததாக வந்திருக்கிறதா என்று பார்க்க அறுபத்து நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகை கொடுத்திருப்பார்கள். கணினியே ஒப்பிட்டுச் சொல்லும். நான் அதை நோட்டில் எழுதி, நான்கு நான்காகப் பிரித்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு நான்கின் கீழும் கோடு போட்டுச் சரிபார்த்தேன். பதினாறு கோடுகள். தேவையில்லாத வேலைதான். அப்படிச் செய்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பென் டிரைவில் அதை ஏற்றினேன். வெறுமனே நகலெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து விழிக்காது, அதற்கென்று உள்ள நிரலைக் கொண்டு எழுத வேண்டும். எந்த டிரைவில் எழுத வேண்டும் என்று அது கேட்கும் இடத்தில் தப்பான டிரைவைத் தேர்ந்தெடுத்தால் நம் வீட்டுக் கணினியே போய்விடும். அதனால் கொள்ளளவைச் சத்தமாக மூன்று முறை படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். முதல் டிரைவுக்குச் சிவப்பு நூல், உபரிக்குப் பச்சை நூல். புதன்கிழமை என்னுடைய பழைய மடிக்கணினியில் சோதித்தேன். எழுந்தது. கறுப்புத் திரையில் டிஸ்க் பட்டியல் வந்தது. அங்கேயே நிறுத்தி அணைத்தேன்.

எண் மூன்று கணினி மிகப் பழையது. அது பென் டிரைவிலிருந்து எழாது என்று முதல் சனிக்கிழமையே பார்த்துவிட்டேன். அதற்கு டிவிடி வேண்டும். இப்போது வெற்று டிவிடி யார் விற்கிறார்கள்? கடலூரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண வீடியோவுக்கு வாங்கி மிஞ்சிய கட்டு ஒன்று இருந்தது. டிவிடியின் மேல்பக்கம் முழுவதும் ரோஜாப்பூ, இரண்டு புறா, ‘மணமக்கள் வாழ்க’ என்று தங்க நிற எழுத்து.

“என்னாக்கா, வூட்ல விசேஷமா?” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“ஒரு ஆயிரத்தைந்நூறு கல்யாணம்,” என்றேன்.

அவர் இரண்டு டிவிடியாகக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஒன்றில் எழுதிச் சரிபார்த்தேன். தயாராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். மின்வாரியத்தில் அன்று பராமரிப்பு நிறுத்தம் இல்லை என்று விசாரித்து வைத்திருந்தேன். கீரப்பாளையத்து அம்மா எனக்கு முன்பே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா காபி கொடுத்தாள். மாமா வரவில்லை. உள்ளே பூஜை அறையில் இருப்பதாக அக்கா சொன்னாள்.

எண் ஒன்றில் சிவப்பு நூல் பென் டிரைவைச் செருகி எழுப்பினேன். திரையில் வந்த கொள்ளளவையும் கடைசி இலக்கங்களையும் நோட்டோடு ஒப்பிட்டேன். சரி. அழிக்கத் தொடங்கியது. எண் மூன்றில் ரோஜாப்பூ டிவிடியைப் போட்டேன். அது இருமிக்கொண்டே சுற்றி எழுந்தது. ஒப்பிட்டேன். சரி. தொடங்கியது. அதற்குள் எண் ஒன்றில் அந்தச் சின்ன இயங்குதளம் முழுவதும் கணினியின் நினைவகத்துக்கு ஏறிவிட்டதால் சிவப்பு நூலை உருவி எண் இரண்டில் செருகினேன். மாமாவின் கணினி.

திரையில் நூற்று அறுபது ஜிபி என்று வந்தது. இலக்கங்கள் 9082.

நோட்டைப் பார்த்தேன். ஐந்நூறு. 4417. என் கையெழுத்தில் எனக்குச் சந்தேகம் வராது. மூடியைக் கழற்றினேன். உள்ளே வேறு ஒரு டிஸ்க் இருந்தது. திருகுகளில் இரண்டு புதிதாகப் பளபளத்தன.

“மாமா!” என்றேன்.

அவர் கைத்தடியோடு வந்து கதவருகில் நின்றார். கழற்றிய மூடியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“கம்ப்யூட்டர் கடக்காரன வரச்சொல்லி மாத்துனேன்,” என்றார். “பழைய டிஸ்க் ஒண்ணு பீரோல கெடந்துது. அத மாட்டச் சொன்னேன்.”

“அது எங்க?”

“சாமி ரூம்ல.”

அக்கா போய் எடுத்து வந்தாள். மஞ்சள் துணியில் சுற்றி, மேலே ஒரு நூலும் கட்டியிருந்தது. துணியைப் பிரிக்காமல் கையில் வைத்தபடியே கேட்டாள்: “இதான் நாலு நாளா ஊதுவத்தி காட்டுறீங்களே, இதுவா? நான் ஏதோ பிரசாதம்னு நெனச்சி நேத்து பூ வெச்சேன்!”

கீரப்பாளையத்து அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

“என்னா மாமா செய்யறதா இருந்தீங்க?” என்றேன்.

“வர்ற அமாவாசைக்குக் கொள்ளிடத்துல விடலாம்னு.” அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “வேண்டாத ஜாதகத்த ஓடற தண்ணியில விடறதுதான் மொற. அது அழிக்கறது இல்ல, விடறது. நீ கேக்க மாட்ட. அதான் சொல்லல.”

“கொள்ளிடத்துல இப்ப தண்ணி எங்க இருக்குது?” என்றாள் அக்கா. “மணல்ல பொதச்சிட்டு வரப் போனீங்களா, இந்த முட்டிய வெச்சிக்கினு?”

நான் கோபப்படவில்லை என்று எழுத முடியாது. ஆனால் கோபத்தில் கத்தினால் அவர் துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார் என்று தெரியும். அதனால் நடக்கக்கூடியதை மட்டும் சொன்னேன். தண்ணீரில் போட்டாலும் டிஸ்க்கின் உள்ளே இருப்பது போகாது. எடுத்துக் காயவைத்துத் தெரிந்தவர்களிடம் கொடுத்தால் பெரும்பாலும் எல்லாவற்றையும் படித்துவிடலாம். கொள்ளிடத்தில் காசு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், மணல் அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.

“தண்ணியில போட்டாலுமா?” என்றார் மாமா. அவருக்கு அது உண்மையாகவே தெரியவில்லை. காகிதம் கரைவதுபோலக் கரைந்துவிடும் என்று நினைத்திருந்தார்.

“போட்டாலும்தான்.”

“இருந்தாலும், உசுரோட இருக்கற பொண்ணுங்க ஜாதகத்த நம்ம கையால...” என்று தொடங்கினார்.

அப்போது கீரப்பாளையத்து அம்மா பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“ஐயா, எம் பொண்ணு ஜாதகம் எங்கூட்ல இருக்குது. நீங்க மஞ்ச தடவிக் குடுத்தீங்களே, அது. பொட்டியில துணியில சுத்தி வெச்சிருக்கேன். அதுக்கு ஒண்ணும் ஆவாது. ஒங்ககிட்ட இருக்கறது ஜாதகம் இல்ல. ஒங்ககிட்ட இருக்கறது எம் பேச்சு. ஒங்கள நம்பி நான் சொன்ன பேச்சு. அத எனக்குத் திருப்பிக் குடுங்க.”

மாமா தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவை நோக்கிக் கையை நீட்டினார். அக்கா துணியைக் கொடுத்தாள். நூலை அவரே அவிழ்த்தார். அவசரப்படாமல், முடிச்சை அறுக்காமல் அவிழ்த்தார். டிஸ்க்கை என்னிடம் கொடுத்தார். இலக்கங்களைப் பார்த்தேன். 4417.

“எத்தினி எடத்துல நகல் எடுத்தீங்க? மாமா, இப்பவே சொல்லிடுங்க.”

“இது மட்டுந்தான். சத்தியமா.”

“பென் டிரைவ்? ஃபோன்?”

“இல்லம்மா. எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னுதான் ஒனக்கே தெரியுமே.”

அது உண்மை. நூற்று அறுபதைக் கழற்றி வைத்து 4417-ஐ அதன் இடத்தில் பழையபடி பொருத்தினேன். கடைசி இலக்கம் வரை ஒப்பிட்டேன். அழிப்பதை உறுதிசெய்யும் திரை வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து மாமாவை உட்காரச் சொன்னேன்.

“எந்த பட்டன்?”

காட்டினேன். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். பிறகு அழுத்தினார். மணி பதினொன்று பன்னிரண்டு.

டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதவும், எழுதியதை மறுபடி முழுதாகப் படித்துச் சரிபார்க்கவும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த அம்மா அசையவில்லை. அக்கா சாப்பிடக் கூப்பிட்டபோது மட்டும் போனார். போனவர், அக்கா வைத்த சாம்பாரில் உப்பு பத்தவில்லை என்று சொல்லிவிட்டார். “நூறு பேருக்கு சமைக்கறவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று மாமா அன்று முதல் முறையாகச் சிரித்தார். பீரோவிலிருந்து வந்த நூற்று அறுபதையும், எண் ஒன்று முடிந்ததும் அதில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி அழித்தேன். அதில் என்ன இருந்தது என்று மாமாவுக்கே நினைவில்லை. அப்படிப்பட்டதைத்தான் விடக் கூடாது.

இரண்டரை மணிக்கு எல்லாம் முடிந்து, பிழை எதுவும் இல்லை என்று வந்தது. எண் இரண்டின் டிஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே காட்டும் திரையைத் திறந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். “எல்லாம் முட்டையா இருக்குது?”

“ஆமாம்மா.”

“இது ஆரம்பம். நடுவுல?”

“நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க. அந்த எடத்துக்குப் போறேன்.”

யோசித்தார். “எண்பத்தி மூணு. எங்க ஸ்கூல் புள்ளைங்க.”

எண்பத்து மூன்றாவது ஜிபிக்குப் போனேன். பூஜ்யம். முந்நூற்றுப் பன்னிரண்டு என்றார். பூஜ்யம். கடைசிக்குப் போகச் சொன்னார். பூஜ்யம். ஒரு வரியை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு மற்ற இரண்டு கணினிகளிலும் அதேபோல் காட்டச் சொன்னார். காட்டினேன். எதிலும் அவர் சொன்ன எண்ணுக்குத்தான் போனேன்.

“சரி,” என்றார். “இப்ப எங்கயும் இல்ல?”

“எங்கயும் இல்லம்மா.”

மாமாவைப் பார்த்து, “வர்றேங்கய்யா. முட்டிக்கு எண்ண தேய்ங்க,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

மறுநாள் காலை வண்டி வந்து கணினிகளை எடுத்துக்கொண்டு போனது. முந்திரி வியாபாரி மாமாவிடம், “சுத்தமா தொடச்சிட்டீங்களே மச்சான், ஒரு பாட்டுகூட இல்ல,” என்று குறைப்பட்டுக்கொண்டதாக அக்கா சொன்னாள். எனக்கு அதைக் கேட்க நன்றாக இருந்தது. திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வந்து, நடந்ததை எழுத நோட்டை எடுத்தேன். முந்தைய பக்கங்களைப் புரட்டும் வழக்கம் எனக்கு உண்டு. புரட்டினேன்.

முதல் சனிக்கிழமையின் பக்கம் வந்தது.

பக்கம் 141, 142. அந்த அம்மா வந்த நேரம், நின்ற இடம், சொன்ன விஷயம். மகளின் பெயர். என்ன நோய், எந்த வயதில், எத்தனை மாத மருந்து. மாமாவின் குறிப்பில் அது இரண்டு வரி. என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க. ஒன்று விடாமல் எழுதியிருந்தேன், அவர் வார்த்தையிலேயே.

எங்கேயும் இல்லை என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தேன். அதுவும் அவர் கேட்டபோது, கண்ணைப் பார்த்து.

வெகுநேரம் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. காபி ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் கோடு போட்டு அடித்தால் போதாது, அடித்ததைப் படிக்கலாம். அளவுகோலை வைத்து தையல் ஓரமாக அறுத்து அந்தத் தாளை எடுத்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் எடுத்த முதல் தாள். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. நான் அழுத்தி எழுதுகிறவள். அடுத்த தாளைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்த்தேன். அந்தப் பெண்ணின் பெயர் வெள்ளையாக எழுந்து வந்தது.

அதையும் எடுத்தேன். 143, 144. அதில் போன திங்கட்கிழமையின் அறுபத்து நான்கு எழுத்துகளும் பதினாறு சிவப்புக் கோடுகளும் இருந்தன. அதற்கடுத்த தாளிலும் பென்சிலைத் தேய்த்தேன். அந்த எழுத்துகளும் கோடுகளும்தான் வந்தன, பெயர் வரவில்லை. இரண்டு தாளையும் துண்டு துண்டாகக் கிழித்து, ஒரு பாத்திரத்தில் ஊறவைத்து, கையால் பிசைந்து கூழாக்கினேன். பேனா மையில் தண்ணீர் லேசாக நீலமானது. அதைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் ஊற்றினேன்.

இங்கே எழுதும்போதும் அந்த விஷயம் என்னவென்று நான் எழுதவில்லை. அந்த அம்மாவின் ஊர் கீரப்பாளையமும் இல்லை, வேறு ஊர்.

திரும்பி வந்து 145-ஆம் பக்கத்தின் தலையில், ஒன்றுமில்லாமல் எண்கள் தாண்டிப் போனால் பிறகு எனக்கே புரியாது என்பதால், ஒரு வரி எழுதினேன்: ‘இந்த நோட்டில் 141 முதல் 144 வரை இல்லை. நானே எடுத்தேன்.’ தேதி போட்டு, ஆய்வகத்தில் போடுவதுபோல, கையெழுத்தும் போட்டேன்.